டோரின் அக்காவின் விறாந்தை

கொட்டாஞ்சேனை டோரின் அக்காவுக்குச் சம்பளம் கிடைப்பது கதவு திறப்பதற்கு. திறக்காமல் இருப்பதற்கும் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பாதிதான் கஷ்டம்.

இருபத்து மூன்று வருஷம் பொரளைப் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில், நோயாளரைப் பார்க்க வருகிறவர்களின் வாசலில் அவர் நின்றார். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் என்பது அங்கே சட்டம். வெள்ளவத்தை ஆட்கள் ஒரு வானில் பதினொரு பேர் வந்து இறங்குவார்கள், ஆளுக்கொரு சாப்பாட்டுக் கரியரோடு. டோரின் அக்கா ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. "டொக்டர் உள்ளுக்கு இருக்கார், ஒரு பத்து நிமிஷம் இருங்க" என்பார். டொக்டர் கல்கிசையில் தன் வீட்டில் நித்திரையாக இருப்பார். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் கோபமெல்லாம் இறங்கி, ஆட்கள் இரண்டு இரண்டு பேராகத் தாங்களே பிரிந்து நிற்பார்கள். இது எல்லோருக்கும் வாய்க்கிற கை அல்ல.

ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற்று, வீட்டில் ஒரு மாதம் சும்மா இருந்து, சுவரோடு சண்டை பிடிக்கிற நிலைக்கு வந்தபோதுதான் பெரியதம்பி கூப்பிட்டார். வெள்ளவத்தையில் வீடியோக் கடை வைத்திருக்கிறவர். கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றையும் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு இணைய மீட்டிங்கில் நேரடியாகக் காட்டுகிற தொழில்.

"கமரா பிடிக்க ஆள் இருக்கு, அக்கா. றிகாஸ் நல்லாச் செய்யிறான். மீட்டிங்கின்ர வாசல்ல நிக்கத்தான் ஒருத்தரும் இல்லை. உங்களைப்போல ஒராள் வேணும்" என்றார்.

அந்த வாசலில் என்ன பிரச்சினை என்று கேட்டால், யாழ்ப்பாணத்துச் சனத்தின் நல்ல குணம்தான் பிரச்சினை. கலியாணத்துக்கு வீடு வீடாகப் போய் அழைக்காவிட்டால் மூன்று தலைமுறைக்குக் கோபம் இருக்கும். செத்தவீட்டுக்கோ ஒருவரும் அழைப்பதில்லை. கேள்விப்பட்டவர் வரலாம். வந்தவரிடம் ‘நீங்கள் ஆர்?’ என்று கேட்பது மரியாதைக் கேடு. போகிறபோது ‘போயிட்டு வாறன்’ என்று சொல்வதுமில்லை, பேசாமல் எழும்பிப் போய்விட வேண்டும். இந்த வழக்கத்தை அப்படியே தூக்கி இணையத்திலும் வைத்தார்கள். மரண அறிவித்தலின் அடியில் மீட்டிங் லிங்க் போட்டார்கள். லிங்குக்குக் கீழே, கண்ணாடி போட்ட கிழவர்களும் வாசிக்கிற மாதிரித் தடித்த எழுத்தில், பாஸ்வேர்ட் போட்டார்கள்.

பெரியதம்பி பாவம், மீட்டிங்குக்கு மறைகுறியாக்கம் எல்லாம் போட்டிருந்தார். "இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இடையில ஒருத்தராலும் ஒட்டுக் கேக்கேலாது" என்று பெருமையாகச் சொல்வார். இடையில் நின்று ஒட்டுக் கேட்க யாருக்கு என்ன தேவை? அறிவித்தல் போட்டு முன்வாசலால் கூப்பிட்டாயிற்றே.

டோரின் அக்கா வேலைக்கு வந்த மூன்றாம் மாதம் அது நடந்தது. நோர்வேயில் இருந்த உஷாந்தி என்ற பெண்ணின் தாய் இறந்திருந்தார். காத்திருப்போர் வரிசையில் நாற்பத்தாறு பெயர்கள் நின்றன. வீட்டுக்காரர் "விடுங்கோ, விடுங்கோ, பெட்டி மூடப் போகினம்" என்று பதறினார்கள். டோரின் அக்கா எல்லோரையும் ஒரேயடியாக உள்ளே விடுகிற பொத்தானை அமத்தினார். முதலில் யாரோ ஒருவரின் அறை தெரிந்தது. மேலே காற்றாடி சுற்றியது. "ஹலோ, ஹலோ" என்று ஒரு குரல் கேட்டது, பின்னால் ஒரு சிரிப்பு. பிறகு காது கிழிகிற பாட்டு. பிறகு, சொல்லக்கூசுகிற படங்கள், தாயின் முகத்துக்கு மேலே, திரை நிறைய. உள்ளே புகுந்த குழப்படிக்காரரை ஒவ்வொருவராகப் பிடித்து வெளியேற்றி முடிக்க நாலு நிமிஷம் எடுத்தது. அந்த நாலு நிமிஷத்துக்குள் பெட்டியை மூடிவிட்டார்கள்.

உஷாந்தி அடுத்த நாள் தொலைபேசி எடுத்தாள். ஏசவில்லை. "அக்கா, நான் அம்மான்ர முகத்தைக் கடைசியாப் பாக்கேல்லை" என்றாள். அவ்வளவுதான், வைத்துவிட்டாள். ஏசியிருந்தால் டோரின் அக்கா தாங்கியிருப்பார். ஒரு கிழமை அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலையை விடுகிறேன் என்று கடைக்குப் போனார்.

"விட்டிட்டுப் போனா உங்கட மனம் ஆறாது, அக்கா" என்றார் பெரியதம்பி. "ஆனா ஒண்டு. இனியொருக்கா இப்பிடி நடந்தா நானே கடையைப் பூட்டிப்போடுவன்."

அன்றிலிருந்து வாசல் இரண்டானது. இது டோரின் அக்காவின் சொந்த யோசனை, ஆஸ்பத்திரி வாசலில் படித்தது. இரண்டு லாப்டொப், இரண்டு மீட்டிங். ஊரெல்லாம் சுற்றுகிற லிங்க் வெளி மீட்டிங்குக்கு மட்டுமே போகும். அதற்கு, வீட்டின் முன்திண்ணை போல, விறாந்தை என்று பெயர் வைத்தார். அங்கே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முகம் பார்த்து, பெயர் கேட்டு, வீட்டுக்காரர் தந்த லிஸ்ட்டில் சரிபார்ப்பார். பிறகுதான் உள்வீடு என்கிற இரண்டாவது மீட்டிங்கின் லிங்க், அந்த ஆளுக்கு மட்டும். கமரா மூடியிருந்தால் உள்ளே இல்லை. லிஸ்ட்டில் பெயர் இல்லாவிட்டால் உள்ளே இல்லை.

பெயரை யாரும் சொல்லலாமே என்று ஒரு கேள்வியும் வைத்தார். செத்தவரை வீட்டில் என்னவென்று கூப்பிடுவார்கள்? நம் ஆட்களுக்குப் பத்திரத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். இரண்டாவது வெளியாருக்குத் தெரியாது என்று நினைத்தார். மூன்றாவது செத்தவீட்டில் ஒருவன், கேட்ட உடனேயே "ராசன்" என்றான். அதோடு நிற்காமல் தகப்பன் பெயர், மாமன் பெயர், பிறந்த ஊர், வசித்த ஊர், பேரப்பிள்ளைகள் வரை வரிசை குலையாமல் ஒப்புவித்தான். அக்கா மெய்மறந்து கேட்டுக்கொண்டிருந்தபோது கடதாசி சரசரத்தது. ஆள் மரண அறிவித்தலைப் பார்த்து வாசிக்கிறான்! வங்கிக்காரன் இரகசியமாகக் கேட்கிற கேள்விக்கெல்லாம் விடையை எடுத்து, அடைப்புக்குறி போட்டு, படத்தோடு பிரசுரிக்கிற சனம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? அன்று அக்கா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கேள்வியை மாற்றினார். அறிவித்தலில் இல்லாத ஒன்றாக இருக்க வேண்டும், குடும்பம்தான் அதைத் தர வேண்டும் என்றார்.

கேட்டுப் பார்த்தால்தான் தெரியும், எத்தனை பிள்ளைகள் அந்த இடத்தில் வாயடைத்துப் போகிறார்கள் என்று.

யோகநாதன் ஐயாவின் மகன் கார்த்திகனும் அப்படித்தான் நின்றான். ஐயாவுக்கு எழுபத்து நாலு வயது. கப்பல் கம்பனியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்று, வெள்ளவத்தைத் தொடர்மாடியில் மனைவி சரோஜினிதேவியோடு இருந்தவர். திடீரென்று இதயம் நின்றுவிட்டது. மகன் டொரொண்டோவில். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த கிழமை பார்த்துத்தானா அது நடக்க வேண்டும்?

எண்பத்து மூன்று பேரின் பெயர், நாடு, தொலைபேசி எல்லாம் போட்டு லிஸ்ட் அனுப்பியிருந்தான் கார்த்திகன். "அன்ரி, லிஸ்ட்டில இல்லாத ஒருத்தரும் வேண்டாம். போன வருஷம் நடந்ததைக் கேள்விப்பட்டனான். என்னால வரேலாமப் போச்சு, இதையாவது ஒழுங்காச் செய்ய வேணும்" என்றான்.

"சரி தம்பி. கேள்வி ஒண்டு தாங்க. அப்பாவைப் பத்தி, அறிவித்தல்ல இல்லாதது."

"அப்பா தேத்தண்ணி எப்பிடிக் குடிப்பார் எண்டு கேளுங்கோ" என்றான் கடைசியில். "பெரிய சில்வர் கப் நிறைய. பனங்கட்டி கடிச்சுக்கொண்டு. ஒண்டு காணாது, ரெண்டாவதும் கேப்பார். அது எங்கட ஆக்களுக்கு மட்டும்தான் தெரியும்." சொல்லிவிட்டு அழுதான். டோரின் அக்காவும் எழுதிக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

புதன்கிழமை பகல், பொரளையில், சவச்சடங்கு நடத்துகிற மலர்ச்சாலை. பின்பக்கச் சாமான் அறையில், மடித்த கதிரைகளுக்கு நடுவே, டோரின் அக்கா இரண்டு லாப்டொப்போடு உட்கார்ந்திருந்தார். மண்டபத்தில் றிகாஸ் கமராவோடு நின்றான். ஐயர் கிரியையைத் தொடங்கியிருந்தார். இரண்டரை மணிக்குள் எழுபத்தொரு பேர் உள்ளே போய்விட்டார்கள். எல்லோரும் தேத்தண்ணிக் கேள்விக்குச் சரியாகவே பதில் சொன்னார்கள். சிலர் சிரித்துக்கொண்டு சொன்னார்கள், சிலருக்குப் பனங்கட்டி என்ற சொல்லிலேயே குரல் உடைந்தது. பெட்டி மூட இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது.

அப்போது விறாந்தைக்கு ஒருவர் வந்தார். பெயர் இல்லை, ஏதோ மலிவு ஃபோனின் இலக்கம் மட்டும். திறந்தார். ஒரு தாடி தெரிந்தது. தாடிக்கு மேலே வெள்ளைக் கூரை, காற்றாடி. "ஹலோ, ஹலோ" என்று ஒரு குரல். எங்கோ பின்னால் யாரோ சிரித்தார்கள்.

டோரின் அக்காவுக்குப் போன வருஷம் நினைவுக்கு வந்தது. விரல் வெளியேற்றும் பொத்தானுக்குப் போய்விட்டது.

"பேர் என்ன?"

"பதியுதீன், தங்கச்சி."

லிஸ்ட்டில் அப்படி ஒரு பெயர் இல்லை. "ஐயாவுக்கு நீங்க என்ன முறை?"

அந்த மனிதர் யோசித்தார். "நான் அஞ்சாம் கதிரை. அவர் நாலாம் கதிரை."

பைத்தியமா, பகிடியா என்று அக்காவுக்கு விளங்கவில்லை. அந்த நேரம் ஃபோனுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, விட்டு விட்டு மூன்று தடவை. உடனே சிங்களத்தில் ஒரு பெண்ணின் குரல்: "அத்த ஹொல்லன்ன எபா, அங்கிள்." கையை ஆட்ட வேண்டாமாம்.

விரல் பொத்தானை விட்டு விலகியது. அந்தச் சத்தத்தை அக்காவுக்குத் தெரியும். அவர் நின்ற ஆஸ்பத்திரியிலும் இருந்தது: இரண்டாம் மாடி, சிறுநீரகப் பிரிவு, இரத்தம் சுத்திகரிக்கிற மெஷின். கையில் ஊசி ஏற்றியிருக்கும்போது கை அசைந்தால் அது இப்படித்தான் கத்தும். இருபத்து மூன்று வருஷம் அந்த ஆட்களுக்கும் அவர்தான் வாசல் திறந்தார். கிழமைக்கு மூன்று நாள் அதே முகங்கள் வரும். ஒரு திங்கட்கிழமை அதில் ஒரு முகம் வராது. யாரும் கேட்க மாட்டார்கள்.

இருந்தாலும் சட்டம் சட்டம். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்று கூப்பிட்டுக் கேள்வியைக் கேட்டார். "ஐயா தேத்தண்ணி எப்பிடிக் குடிப்பார், நானா?"

"தேத்தண்ணியா?" பதியுதீன் திகைத்தார். "அவர் தேத்தண்ணி குடிச்சு நாலு வருஷம் இருக்குமே, தங்கச்சி. நாள் முழுக்க அரை லீட்டர் தண்ணிதானே எங்களுக்கு. ஐஸ் கட்டி ஒண்ட வாயில போட்டுக்கிட்டு நாலு மணித்தியாலத்தையும் ஓட்டிருவார். எனக்கும் ஃப்ளாஸ்க்ல ஒண்டு கொண்டு வருவார், நர்ஸ் மிஸ்ஸுக்குத் தெரியாம."

"நீங்க இதுக்கு எப்பிடி வந்தீங்க?"

"அவர ஏத்திட்டு வாற த்ரீவீல்காரர்தான் லிங்க அனுப்பினார். இண்டைக்கு எங்கட நாள். ஊசி ஏத்தியாச்சு, எழும்பி வர ஏலா. நாங்க இங்க நாலஞ்சு பேர் ஈக்கிறோம். முகத்த ஒருக்காப் பாத்தாப் போதும்."

டோரின் அக்கா லிஸ்ட்டைப் பார்த்தார். சில்வர் கப், பனங்கட்டி, ரெண்டு தரம். "மகனுக்கு இது தெரியாதா, நானா?"

"தெரியா. தெரிஞ்சா, என்ட கிட்னியத் தாரேன்னு அடுத்த ஃப்ளைட்ல வந்து நிப்பான்னு சொல்லுவார். பெருமையாச் சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொல்லுவார். பிறகு ஐஸ் கட்டிய வாயில போட்டுக்குவார்."

இப்போது என்ன செய்வது? பெயர் லிஸ்ட்டில் இல்லை. விடை பிழை. ஒரு முகத்துக்குப் பதிலாக ஒரு வரிசையே வந்து நிற்கிறது. உள்ளே விட்டால், ஒரு மனிதர் நாலு வருஷமாக மகனிடம் மறைத்தது எழுபத்தொரு பேருக்கு முன்னால் உடையும். கமராவை மூடச்சொல்லி விடலாம்தான். போன வருஷம் முகம் காட்டாமல் நின்றவர்களை நம்பித்தானே அந்தப் பெண்ணின் கடைசிப் பார்வை போனது? விடாவிட்டால் இந்த ஐந்து பேரின் கடைசிப் பார்வை போகும். அந்தப் பாவத்தை இரண்டாம் தரமும் சுமக்க அவரால் ஏலாது. ஆனால் இது அவருடைய வீடும் அல்லவே.

"ஒரு நிமிஷம் இருங்க, நானா. போயிடாதீங்க" என்றுவிட்டு உள்வீட்டைப் பூட்டினார். எழும்பி நேரே மண்டபத்துக்கு நடந்தார். செத்தவீடு நடக்கும்போது அவர் தன் கதிரையை விட்டு எழும்பியது அதுவே முதல் தடவை.

சரோஜினிதேவி அம்மா பெட்டியின் தலைமாட்டில் இருந்தார். டோரின் அக்கா குனிந்து காதுக்குள் சொன்னார்.

"ஆர், பதியுதீன் நானாவே?" அம்மாவின் முகம் நிமிர்ந்தது. "நான் வெளியில வாங்கில குந்திக்கொண்டு பயந்து நடுங்கிற நேரமெல்லாம் உள்ளுக்கு அவர்தான் இவரைச் சிரிக்க வைச்சுக்கொண்டு இருந்தவர்."

"அவங்கட கமராவை மூடி உள்ளுக்கு விடட்டுமா, அம்மா? இல்லாட்டி மகன் பாத்திடுவார்."

அம்மா பெட்டிக்குள் பார்த்தார். அவரைக் கேட்டு முடிவெடுத்தே பழகியவர். "நாலு வருஷம் ஒளிச்சாச்சு" என்றார். "இனி ஆருக்கு ஒளிக்கிறது? முகத்தோட விடுங்கோ, பிள்ளை."

அக்கா ஓடினார். ஐம்பத்தேழு வயதில், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மலர்வளையங்களுக்கு நடுவால் ஓடினார். உள்வீட்டின் பூட்டைத் திறந்து லிங்கை அனுப்பினார். பதியுதீனின் பழைய ஃபோன் அதைத் திறக்க மாட்டேன் என்றது. முதலில் தன்னைப் புதுப்பிக்க வேண்டுமாம். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. றிகாஸின் அழைப்பு வந்தது.

"அக்கா, பெட்டிய மூடப் போறாங்க. ஐயர் நேரம் போகுதுண்டு சொல்றார்."

"கமராவில கோளாறுண்டு சொல்லு. ஒரு பத்து நிமிஷம் இருக்கச் சொல்லு."

"கமரா நல்லாத்தானே இருக்கு, அக்கா."

"டேய், சொல்லுடா!"

இருபத்து மூன்று வருஷம் இல்லாத டொக்டரை உள்ளே இருத்தி வைத்த வாய்க்கு இதென்ன பெரிய பொய்? ஐயர் முணுமுணுத்தார். ஆனால் பொறுத்தார்.

எழுபத்திரண்டாவது சதுரம் திறந்தது. ஃபோனை இப்போது தாதி பிடித்திருந்தாள். மெதுவாக வரிசையை ஒட்டி நடந்தாள். மூன்றாம் கதிரையில் ஒரு வயதான மனுஷி. நாலாம் கதிரை காலியாக இருக்கவில்லை, அதற்கு எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். ஐயாவை ஒருநாளும் கண்டிராத புது ஆள் ஒருவர் அதில் இருந்தார். அவரும் ஊசி இல்லாத கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். பிறகு ஐந்தாம் கதிரை. யாரும் சொல்லாமலே றிகாஸ் கமராவை ஐயாவின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனான். பதியுதீன் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் கத்தியது. இந்த முறை தாதி ஒன்றும் சொல்லவில்லை.

"ஆர் இவை?" கார்த்திகனின் குரல் அது. "அன்ரி, ஆர் இது? எந்த ஆஸ்பத்திரி?"

டோரின் அக்கா வாய் திறப்பதற்குள் சரோஜினிதேவி அம்மா றிகாஸின் மைக்கைக் கையில் வாங்கினார். "தம்பி, அப்பா கிழமையில மூண்டு நாள் இவையோடதான் இருந்தவர்."

கார்த்திகன் அந்தக் கதிரைகளைப் பார்த்தான், மெஷின்களைப் பார்த்தான். விளங்குவதற்கு அவனுக்குக் கனநேரம் எடுக்கவில்லை. "எவ்வளவு காலமா?" என்றான்.

"நாலு வருஷம், ராசா."

அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். ஐயர் கையைக் காட்ட, பெட்டியை மூடினார்கள். எல்லோரும் பார்த்தார்கள். இந்த முறை யாரும் குறுக்கே வரவில்லை.

வண்டி கனத்தை மயானத்துக்குப் புறப்பட்டதும், வழக்கப்படி ஒருவரும் விடை சொல்லாமல், சதுரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. லண்டன் போனது, பாரிஸ் போனது, கல்கிசை போனது. கடைசியில் இரண்டு மிஞ்சின, கார்த்திகனும் பதியுதீனும். டொரொண்டோவில் இன்னும் விடியவில்லை. டோரின் அக்கா தன் முறைக்கு ஒரு ஏச்சை எதிர்பார்த்து, மீட்டிங்கை முடிக்கக் கையை நீட்டினார்.

"பூட்டவேண்டாம், அன்ரி" என்றான் அவன். "அங்கிள், அப்பா தேத்தண்ணி குடிக்கிறேல்லையோ?"

"இல்ல மகன்" என்றார் பதியுதீன். "ஆனா அதப் பத்திக் கதைப்பார். உங்கட வீட்டுச் சில்வர் கப் ஒண்டு ஈக்காமே, பெருசு…"

டோரின் அக்கா உள்வீட்டை உள்பக்கமாகப் பூட்டினார், இனி ஒருவரும் வர முடியாதபடி. பூட்டுகிற உரிமையைக் கார்த்திகனின் பெயருக்கு மாற்றினார். பிறகு ஒன்றும் சொல்லாமல் தானும் வெளியே வந்தார். பதியுதீனின் மெஷின் முடிய இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது.